ஆளுக்கு ஐந்து

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அது இறங்கியதும் பாவம் பார்க்கத் தொடங்கிவிடுவேன். இந்த இரண்டில் எது என்னை அதிகம் கெடுத்தது என்று கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன். கோபத்தில் நான் உடைத்தவை சில பிரம்புகள், ஒரு கரும்பலகைச் சட்டம், அவ்வளவுதான். பாவம் பார்த்துச் செய்த ஒரு காரியம் என்னை ஒரு வருஷம் முழுக்க மூச்சு விட முடியாமல் கட்டிப்போட்டது. இப்போது எழுதினாலாவது யாராவது நம்புவார்களா என்று பார்க்கிறேன். அப்போது ஒருவரும் நம்பவில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் எனக்குத் திண்டிவனத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் இங்கிலீஷ் வாத்தியார் வேலை. குடியிருந்தது விழுப்புரத்தில், மாமனார் வீட்டு மாடியில். மாமனார் ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். திண்டிவனத்துக்கே குடிபோய்விடலாம் என்று நான் வாயைத் திறந்தால், நடுவில் இருப்பதே நாலு ஸ்டேஷன், அதற்குப் போய் ஒரு வீடு மாற்றுவார்களா என்று சிரிப்பார். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம். காலையில் பாசஞ்சர் வண்டியில் அந்த நாலையும் எண்ணிக்கொண்டு போவேன். சாயங்காலம் திருப்பி எண்ணிக்கொண்டு வருவேன். ஜன்னலோரத்தில் அதே இடம், எதிரில் அதே முகங்கள். இரண்டு பக்கமும் எனக்காக யாரோ கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பதாகவும், நடுவில் எங்கும் இறங்க முடியாது என்பதாகவும் தோன்றும்.

பள்ளியில் எனக்கு ஆறாவது பாரம். அதாவது எஸ்.எஸ்.எல்.சி. எழுதப்போகிற வகுப்பு. பிள்ளைகள் எல்லாம் சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து வருகிறவர்கள், பெரும்பாலும் சொந்த நிலத்தில் பயிர் வைக்கிற குடும்பங்கள். கணக்கில் புலி, தமிழில் கேட்கவே வேண்டாம். இங்கிலீஷ் என்றால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வீட்டில் ஒருவருக்கும் தெரியாத பாஷை, தெருவில் யாரும் பேசாத பாஷை, அது ஒன்றில் கோட்டை விட்டால் மற்ற எல்லாப் பாடமும் வீண். அவர்கள் பயந்ததில் தப்பே இல்லை.

அந்தப் பயத்தைப் போக்க நான் ஒரு பழக்கம் வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் எல்லாருடைய கட்டுரை நோட்டையும் கொண்டுபோய் மேஜையில் அடுக்குவேன். ஒவ்வொரு நோட்டிலிருந்தும் ஒரே ஒரு நல்ல வாக்கியத்தைச் சத்தமாகப் படிப்பேன். எவ்வளவு மோசமான நோட்டாக இருந்தாலும் அதில் ஒரு வாக்கியம் உருப்படியாக இருக்கும். அதைத் தேடிப்பிடிப்பதுதான் என் வேலை. மயிலம் பக்கத்துப் பையன் ஒருவன் முழுப் பக்கத்தையும் அடித்துத் திருத்தி, கடைசியில் எங்கள் காளை இரண்டுக்கும் என் பெயர் தெரியும் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தான். அதைப் படித்தபோது வகுப்பே திரும்பி அவனைப் பார்த்தது. அவன் அதற்கப்புறம் எழுதத் தொடங்கினான். இப்படித்தான் நான் ஜூன் முதல் டிசம்பர் வரை வண்டியைத் தள்ளுவேன்.

ஒரு வருஷம் அந்த வண்டி அரைப் பரீட்சையில் குப்புறக் கவிழ்ந்தது. ஏழெட்டுப் பேரைத் தவிர அத்தனை பேரும் இங்கிலீஷில் ஃபெயில். பேப்பரைக் கொடுத்த அன்று வகுப்பு இழவு வீடு மாதிரி இருந்தது. திட்டித் தீர்த்தேன். திட்டி முடித்ததும் வழக்கம்போல எனக்குப் பாவமாகிவிட்டது. கரும்பலகையில் ஐந்து பொதுக் கட்டுரைத் தலைப்புகளை எழுதி, சிவப்புச் சாக்பீஸால் வட்டம் போட்டு, இந்த அஞ்சும் கட்டாயம் வரும், இதை மட்டும் ஒழுங்காகப் படியுங்கள் என்று சொல்லிவிட்டேன். எனக்கு ஒன்றும் தெரியாது. முப்பது கட்டுரையைப் பார்த்து மிரண்டு நிற்கிறவனுக்கு ஐந்தைக் காட்டினால் காலை எடுத்து வைப்பானே என்றுதான் சொன்னேன்.

மார்ச்சில் அந்த ஐந்தில் மூன்று வந்துவிட்டது.

அந்தப் பள்ளி அதுவரை பார்க்காத தேர்ச்சி. ஜூன் மாதம் நான் முடி வெட்டிக்கொள்ளப் போன கடையில் என்னை வரிசையில் நிற்கவிடவில்லை. செஞ்சி பஸ் கண்டக்டர் ஒருவர் பஸ்ஸை நிறுத்தி எனக்கு வணக்கம் போட்டார். எனக்கு மெட்ராஸில் ஆள் இருக்கிறது, கேள்வித்தாள் அச்சாகிற இடத்திலேயே இருக்கிறது என்று பேச்சு. விழுப்புரத்தில் மாமனாரின் சிநேகிதர்கள் மாடிப்படி ஏறி வந்து, அவரவர் பேரப்பிள்ளைகளின் பெயரைச் சொல்லிவிட்டுப் போனார்கள். நான் இல்லை என்று சத்தியம் செய்தேன். இல்லை என்று சொல்லச் சொல்ல அவர்கள் மரியாதையாகத் தலையாட்டினார்கள். உண்மையிலேயே ஆள் இருக்கிறவன் வேறென்ன சொல்வான்?

ஹெட்மாஸ்டரிடம் போய் முறையிட்டேன். இந்தப் பேச்சு கல்வி ஆபீஸ் வரை போனால் என் வேலையே போய்விடும் என்றேன். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, எப்படி என்று நான் கேட்கவே மாட்டேன், நிறுத்தாமல் இருந்தால் போதும் என்றார். விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கு மாற்றிக்கொண்டு போகிறேன் என்று விண்ணப்பம் கொடுத்துப் பார்த்தேன். இந்த ரிசல்ட்டைப் போட்டுவிட்டு எங்கே போவதாக உத்தேசம் என்று கேட்டு, அதை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினார். வீட்டில் மாமனார், பள்ளியில் ஹெட்மாஸ்டர், நடுவில் பாசஞ்சர் வண்டி. அந்த வண்டியிலும் நிம்மதி இல்லை. முன்பின் தெரியாதவர்கள் பேரணியில் ஏறி எனக்கு எதிரில் உட்கார்ந்து, ஒன்றும் கேட்காமல் மயிலம் வரை என்னையே பார்த்துக்கொண்டு வருவார்கள்.

அடுத்த வருஷத்து ஆறாவது பாரத்தில் நாற்பத்தோரு பேர். முதல் நாள் உள்ளே நுழைந்தேன். எல்லா முகத்திலும் ஒரே சிரிப்பு. பாடம் எடுத்தால் கேட்டுக்கொண்டார்கள், மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் ஒருவர் கையிலும் பேனா அசையவில்லை. அரைப் பரீட்சை முடிந்ததும் சார் வட்டம் போடப்போகிறார், அதற்குள் எதற்கு வீணாகக் கஷ்டப்படுவது என்ற நிம்மதி. வெள்ளிக்கிழமை நோட்டுகளில் போன வருஷத்து அண்ணன்களின் கட்டுரை அப்படியே காப்பியாகி வந்தது. நல்ல வாக்கியம் தேடினால் அது போன வருஷம் நான் திருத்திப் போட்ட வாக்கியமாகவே இருந்தது.

அந்த வகுப்பில் பெண்கள் நாலு பேர். அதில் ஒருத்தி வல்லத்தை ஒட்டிய ஊரிலிருந்து தினமும் செஞ்சி பஸ்ஸில் வருவாள். கண்டக்டர் சீட்டுக்குப் பின்னால் அவளுக்கு ஓர் இடம் உண்டு. எனக்கு வணக்கம் போடுகிற அதே கண்டக்டர்தான். வளர்த்தியான பெண், பேச்சு குறைவு. மொத்த வகுப்பிலும் சொந்தமாக எழுதியது அவள் ஒருத்திதான். முதல் பஸ்ஸில் வருகிறேன், சூரியன் எங்கள் பஸ்ஸோடு கூடவே வருகிறது என்று ஜூலையில் எழுதியிருந்தாள். அதைப் படித்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள், காதெல்லாம் சிவந்துவிட்டது. ஆனால் பரீட்சை என்று பேப்பரைக் கையில் கொடுத்தால் அவளுக்கு எல்லாம் மறந்துபோகும். முதல் நாலு வரி மனப்பாடமாகக் கையில் இருந்தால்தான் மிச்சம் வரும். அது எனக்குத் தெரியும்.

அந்த ஜூலையிலேயே அவள் அப்பா ஒருநாள் பள்ளிக்கு வந்தார். மல்லாட்டையும், அதாவது வேர்க்கடலையும், கேப்பையும் பயிர் போடுகிறவர். சட்டைக்கு மேல் துண்டைச் சரியாக மடித்துப் போட்டிருந்தார். பாண்டிச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் டிரெயினிங்குக்குச் சொல்லி வைத்திருக்கிறது, எஸ்.எஸ்.எல்.சி. பாஸானால் எடுத்துக்கொள்வார்கள் என்றார். அவளுக்கும் அதுதான் ஆசை. பாஸாகாவிட்டால் அக்டோபரில் மறுபடி எழுதலாமே என்று நான் ஆறுதலாகச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

"பெரியவனுக்கு ஒரு பரீட்ச குடுத்தேன், கோட்ட வுட்டான், ஏர் புடிக்க வந்துட்டான். இவளுக்கும் ஒண்ணுதான். புள்ளைக்கு ஒரு நியாயம் பொண்ணுக்கு ஒரு நியாயம்னு நம்மகிட்ட கெடையாது சார்."

அநியாயம் பேசினால் சண்டை போடலாம். அந்த மனுஷர் நியாயம் பேசினார்.

டிசம்பரில் அரைப் பரீட்சை. முந்தின வருஷத்தை விடக் கேவலம். நான் மேஜையில் அடித்த அடியில் பிரம்பு இரண்டாகப் பிளந்தது. எனக்கு மெட்ராஸிலும் ஆள் இல்லை, மதுரையிலும் ஆள் இல்லை, போன வருஷம் சொன்னது வாய்க்கு வந்தது, வட்டம் கிட்டம் எதுவும் கிடையாது, படிக்கிறவன் பிழைப்பான் என்று கத்தினேன். உறைத்துவிட்டது என்று நினைத்தேன். அப்போது முதல் பெஞ்சிலிருந்து லீடர் எழுந்து போனான். வகுப்புக் கதவை ஓசைப்படாமல் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"யார் காதுலயாவது வுழப்போவுது சார்," என்றான்.

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. நாற்பத்தோரு பேரும் என்னைக் காப்பாற்றத் தயாராக இருந்தார்கள். படிக்க மட்டும் தயாராக இல்லை.

வழி தேடிக்கொண்டிருந்த எனக்கு அது ரயிலில் கிடைத்தது. மாமனார் ஒரு காலை என்னோடு ஸ்டேஷன் வரை வந்தவர், பிளாட்பாரத்தில் அதே வண்டிக்கு நின்ற பழைய சிநேகிதர் ஒருவரிடம் குடும்ப விஷயம் ஒன்றைச் சொல்லி, யாரிடமும் மூச்சு விடாதே என்று கேட்டுக்கொண்டார். வண்டி மயிலம் போய்ச் சேர்வதற்குள் அந்த விஷயத்தை எனக்கு எதிரில் இருந்தவர் என்னிடமே சொன்னார், யாரிடமும் சொல்லாதீர்கள் என்ற எச்சரிக்கையோடு. எங்கள் பக்கத்தில் ரகசியத்துக்கு அவ்வளவுதான் ஆயுசு. அதை ஒரு குறையாக நினைத்துத்தான் நான் இத்தனை நாள் எரிச்சல்பட்டேன். திண்டிவனத்தில் இறங்கும்போது அதுவே எனக்குப் பெரிய வரமாகத் தெரிந்தது.

கணக்கு இதுதான். படிக்க வேண்டிய கட்டுரைகள் முப்பது. ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, உனக்கு மட்டும் என்று ஐந்து தலைப்பு கொடுப்பது. ஆளுக்கு ஆள் வேறு ஐந்து. ரகசியம், யாரிடமும் காட்டாதே என்று சொல்லிவிட்டால், நாலே நாளில் அத்தனையும் அத்தனை பேருக்கும் போய்விடும். பொங்கல் கழிவதற்குள் நாற்பத்தோரு பேரும் முப்பது கட்டுரையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நானாகக் கொடுத்தால் படிக்க மாட்டார்கள், திருட்டுத்தனமாகக் கிடைத்தால் விட மாட்டார்கள். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு இரண்டு நாள் திரிந்தேன்.

சயன்ஸ் ரூம் பக்கத்தில் ஓர் ஒதுக்குப்புறம் உண்டு. அங்கே ஒவ்வொருவராக வரவழைத்து, மடித்த சீட்டைக் கொடுத்தேன். ஒருவன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். ஒருவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான். நாற்பது பேருக்குக் கைக்கு வந்தபடி கலந்து எழுதியதுதான். அந்தப் பெண்ணுக்கு மட்டும் நான் யோசித்துப் பொறுக்கினேன். ரயில் பயணம், பொங்கல் திருநாள், மழை நாள், கிராமத்துச் சந்தை, ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தது. அவள் கண்ணால் பார்த்த விஷயங்கள், பயப்படாமல் தொடங்கலாம். மற்றதெல்லாம் பக்கத்துப் பெண்களிடமிருந்து வந்து சேர்ந்துவிடும் என்று இருந்தேன். சீட்டை வாங்கிக்கொண்டு, யார்கிட்டயும் காட்ட மாட்டேன் சார் என்றாள். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள்.

அதற்கப்புறம் என் வகுப்பைப் பார்த்திருக்க வேண்டும். மதிய இடைவேளையில் மைதானத்தில் ஆள் இல்லை. மரத்துக்கு மரம் ஒருவன் முணுமுணுத்துக்கொண்டிருந்தான். கட்டுரை எழுதித் திருத்தக் கொடுத்தார்கள், ஆனால் நோட்டை மேஜையில் வைக்காமல், தமிழ் நோட்டுக்குள் ஒளித்துக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள். ஒவ்வொருவரும் கொடுத்தது தன்னுடைய ஐந்தை மட்டும்தான். அதையும் நான் பார்த்தேன். மற்றதை வீட்டில் எழுதிப் பழகுகிறார்கள், என்னிடம் காட்டினால் ரகசியத்தை மீறியது தெரிந்துவிடும் என்று மறைக்கிறார்கள் என நானே ஒரு சமாதானம் கட்டிக்கொண்டேன். வாய்விட்டுக் கேட்க முடியாது. கேட்டால் நான் ஆடிய நாடகம் கலைந்துவிடும். வெள்ளிக்கிழமை வாசிப்பும் நின்றுபோயிற்று, ஒருவர் வாக்கியத்தை மற்றவர் கேட்கக்கூடாது என்று அவர்களே வேண்டிக்கொண்டார்கள். அப்போதாவது எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டாமா?

தட்டியது பரீட்சை அன்று. இங்கிலீஷ் இரண்டாம் பேப்பர், கட்டுரை வருகிற பேப்பர். காலையில் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் பிள்ளைகள் கடைசிப் புரட்டல் புரட்டிக்கொண்டிருந்தார்கள். விக்கிரவாண்டியிலிருந்து என் வண்டியில் வருகிற பையன்கள் இரண்டு பேர். ஒரே தூக்குப் பாத்திரத்தில் சாப்பிடுகிறவர்கள், ஒரே சைக்கிளில் ஸ்டேஷனுக்கு வருகிறவர்கள். அன்றைக்கு மரத்துக்கு இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். சண்டையா என்று கேட்டேன்.

"சண்டையெல்லாம் இல்ல சார். அவன்து அவன் படிக்கிறான், என்து நான் படிக்கிறேன். நீங்க சொன்னீங்கள்ல."

அடுத்தவனிடம் ஓடினேன், அதற்கடுத்தவனிடம் ஓடினேன். உன்னிடம் எத்தனை இருக்கிறது? அஞ்சு சார். மற்றவர்களிடம் வாங்கவில்லையா? ஐயோ, இல்ல சார். ஊரில் யாரோ பெண் பார்த்துவிட்டுப் போன சேதியைக் கூட ஒரு நாள் வைத்திருக்கத் தெரியாத ஜனம், எனக்காக இரண்டரை மாதம் வாயைக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அண்ணனிடம் சொல்லவில்லை, கூடப் பிறக்காத குறையாகத் திரிகிற சிநேகிதனிடம் சொல்லவில்லை. சொன்னால் சாருக்கு வேலை போய்விடும். அதுதான் காரணம். நான் அவர்களுடைய ஓட்டை வாயை நம்பினேன். அவர்கள் என்னை நம்பிவிட்டார்கள்.

இன்னும் கால் மணி இருந்தது. எல்லாரும் இங்கே வாருங்கள், கையில் இருப்பதை மாற்றிக்கொள்ளுங்கள், ஒருவர் சொல்வதை எல்லாரும் கேளுங்கள் என்று கையை ஆட்டினேன். வெளியூரிலிருந்து வந்த சூப்பர்வைசர்கள் இரண்டு பேர் வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் அவர்களைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், பிறகு எனக்கு ஆபத்து வரக்கூடாதென்று ஒவ்வொருவராக நகர்ந்து போய்விட்டார்கள். மணி அடித்தது. அந்தப் பெண் என்னைக் கடந்து போகும்போது சிரித்தாள். அந்த வருஷம் முழுக்கப் பரீட்சை நாளில் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

கேள்வித்தாளில் நாலு தலைப்பு, ஏதாவது ஒன்றை எழுத வேண்டும். நாலும் என் முப்பதில் இருந்தது. முப்பது தலைப்பைச் சொன்னால் நாலு வராமல் எங்கே போகும்? வெளியே வந்தவர்களில் பாதிப் பேர் குதித்தார்கள். எனக்குச் சொன்னது வந்துச்சு, எனக்குச் சொன்னதும் வந்துச்சு என்று கூட்டிப் பார்த்தபோது நாலும் தேறிவிட்டது. போன வருஷம் மூன்று, இந்த வருஷம் நாலுக்கு நாலு. மாட்டிக்கொள்ளாமல் இருக்க ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறார், என்ன மூளை பார் என்று சாயங்காலத்துக்குள் திண்டிவனம் முழுக்கப் பேசியது. பங்கில் வராதவர்கள் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அந்தப் பெண் கூட்டத்தில் நிற்காமல் நேராக பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். அவளுடைய ஐந்தில் ஒன்றும் வரவில்லை.

ரிசல்ட் வந்தது. முந்தின வருஷத்தை விடத் தேர்ச்சி குறைவுதான், அதைப் பற்றி யாருக்கும் அக்கறை இல்லை. நாலுக்கு நாலு என்பதுதான் பேச்சு. ஹெட்மாஸ்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார், டிராயரைத் திறக்கவில்லை. அந்தப் பெண் மற்ற எல்லாப் பாடத்திலும் பாஸ். இங்கிலீஷில் மட்டும் கொஞ்சம் மார்க்கில் போய்விட்டது. மார்க் புத்தகம் வாங்க அவள் வரவில்லை. செஞ்சி பஸ் கண்டக்டரைக் கேட்டேன். அந்தப் பொண்ணு இப்பல்லாம் வர்றதில்ல சார் என்றார். அவளுடைய புத்தகத்தை நானே எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை அதே பஸ்ஸில் ஏறினேன். உண்மையைச் சொல்லி, அவள் அப்பாவின் காலில் விழுந்தாவது அக்டோபருக்கு ஒரு தடவை வாங்கிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

முதல் மழை பெய்து மல்லாட்டை விதைப்பு நடந்துகொண்டிருந்தது. புன்செய்க் கொல்லையில் அவள் அண்ணன் ஏர் ஓட்டிக்கொண்டு போனான். அவன் பின்னால், உழுத சாலில், மடியிலிருந்து விதையை எடுத்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு அவள் நடந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அப்பா ஓடி வந்து துண்டை விரித்து வரப்பில் உட்கார வைத்தார். அவளையும் கூப்பிட்டார். கையில் மண்ணோடு வந்து நின்றாள். மார்க் புத்தகத்தை வாங்கி, திறந்து பார்க்காமல் அப்பாவிடம் கொடுத்தாள்.

நான் சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். எனக்கு யாரையும் தெரியாது, எந்தத் தாளும் எனக்கு வரவில்லை, நான் போட்டது வெறும் நாடகம், மற்றவர்களுக்குக் கைக்கு வந்ததை எழுதினேன், இவளுக்கு மட்டும் பாவம் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்தேன், இவள் ஃபெயிலானது என்னால், அக்டோபரில் இன்னொரு தடவை எழுதவிடுங்கள், சம்பளம் வாங்காத வாத்தியாராக நானே வந்து சொல்லித்தருகிறேன் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சுற்றிலும் ஒரு தடவை பார்த்துவிட்டு, என் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் பேசினார்.

"சார், இது என் கொல்ல. இங்க நம்மள வுட்டா யாரும் இல்ல. இங்கயுமா நீங்க பயந்துக்கினு பேசணும்? எல்லாருக்கும் பங்கு வச்சீங்க, எம் பொண்ணு பங்குக்கு வரல. பங்குன்னா அப்டித்தான. உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல."

அக்டோபர் என்று மறுபடியும் இழுத்தேன். அவர் தூரத்தில் ஏரோடு திரும்பிக்கொண்டிருந்த மகனைக் காட்டினார். அவன் எதிரில் இவளுக்கு மட்டும் எப்படி இரண்டாவது தடவை கொடுப்பது என்று கேட்டார். அதோடு எழுந்துபோய், விதைக்கு உரித்ததில் மிச்சம் வைத்திருந்த மல்லாட்டையை ஒரு பையில் கட்டத் தொடங்கினார்.

அவளிடம் என்ன எழுதினாய் என்று கேட்டேன். தீ விபத்து என்ற தலைப்பை எடுத்துக்கொண்டு சொந்தமாக நாலு வரி எழுதினாளாம், அதற்கு மேல் வரவில்லையாம். அந்த நாலு வரியில் ஒரு நல்ல வாக்கியம் நிச்சயம் இருந்திருக்கும். அதைத் தேடிப் படிக்கிற வேலை பேப்பர் திருத்துகிறவருக்கு இல்லை. நான் அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள். என் முகத்தைப் பார்த்து அவளுக்கு என்னைத் தேற்ற வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும்.

"நான் யார்கிட்டயும் காட்டல சார். என் பக்கத்துல குந்துற பொண்ணு இருக்குதில்ல, அது கடைசி வாரத்துல அழுதுக்கினே கேட்டுச்சு. அதுகிட்டதான் தீ விபத்து இருந்துதாம். மாத்திக்கலாம்டின்னுச்சு. நான் மாட்டேன்னுட்டேன். உங்களுக்கு ஒண்ணும் ஆவல இல்ல சார்?"

ஆகவில்லை என்றேன். அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. மடியில் இருந்த விதையைச் சரி செய்துகொண்டு, அண்ணன் காத்துக்கொண்டிருக்கிறான் என்று சொல்லிவிட்டுச் சாலுக்குப் போனாள்.

மல்லாட்டைப் பையை வாங்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தேன். வேண்டாம் என்று மறுத்திருந்தால் அவள் அப்பா அதையும் பயத்தில் சேர்த்திருப்பார். திண்டிவனம் போகிற பஸ் வந்தது. கண்டக்டர் என்னைப் பார்த்ததும் விசில் ஊதி நிறுத்தி, தன் சீட்டுக்குப் பின்னால் காலியாக இருந்த இடத்தைத் தட்டிக் காட்டினார். பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பஸ் நகர்ந்ததும் அவர் குனிந்து என் காதருகில் வந்து, தன் மகள் இந்த வருஷம் என் ஆறாவது பாரத்துக்கு வந்திருக்கிறாள் என்று சொன்னார்.